காசு வாங்கிக்கொண்டு காட்டியவர் பதில் சொல்ல வேண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பற்றி நான் எழுதிய பதிவும், அடுத்த இரண்டு நாள் அதன் கீழ் நடந்ததும் இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கைப்பேசியில் வந்த ஒரு போலி மருந்து விளம்பரக் காணொளியை நம்பி, அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால், "விளம்பரத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் அதற்கு விளம்பரம் என்ன செய்யும்?" என்று ஒருவர் கேட்டதும், அதற்கு நூறு பேருக்கு மேல் லைக் போட்டதும், "பாட்டிகளுக்கெல்லாம் எதற்கு ஸ்மார்ட்போன்" என்று இன்னொருவர் எழுதியதும் என்னைத் தூங்கவிடவில்லை. பதில் சொல்லாமல் கடந்துபோகப் பார்த்தேன், முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காணொளி அம்மாவின் கைப்பேசிக்குத் தானாக நடந்து வரவில்லை. யாரோ பணம் கொடுத்தார்கள். யாரோ அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டுவந்து அம்மாவின் கண்முன் வைத்தார்கள். வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும்.

எந்தச் செயலி என்று நான் பெயர் சொல்லவில்லை. சொன்னால் பேச்செல்லாம் அந்த ஒரு நிறுவனத்தின் பக்கம் திரும்பி, மற்றவை தப்பித்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் அம்மா பல ஆண்டுகளாகப் பார்த்து மதித்துவரும் ஒரு மருத்துவர், வெள்ளை அங்கியோடு, தன் சொந்தக் குரலில், ஒரு மண்டலம் இந்தப் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று பேசுகிறார். முகமும் குரலும் கணினியில் செய்தவை. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் "நீரிழிவு" என்ற சொல்லில் உதடு பிந்துவதை நானே கவனித்தேன். ஒரு கண்ணில் மட்டும் புரை அறுவை செய்துகொண்ட, 68 வயதுப் பெண்மணி அதை எப்படிக் கவனிப்பார்? அடியில் சிவப்பு எண்களில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒன்பது நிமிடத்துக்குள் ஆர்டர் செய்தால் பாதி விலையாம். 3,490 ரூபாய், கேஷ் ஆன் டெலிவரி. வந்த டப்பாவில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. பதினான்கு வருடங்களாக ஒரு வேளையும் தவறாமல் போட்ட மாத்திரையை நிறுத்தினார். பத்தொன்பதாம் நாள் சர்க்கரை 412. பக்கத்து வீட்டார் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனார்கள்.

இது எப்படி அம்மாவை வந்தடைந்தது என்பதைத்தான் என்னைக் கேலி செய்தவர்கள் யோசிக்க மறுக்கிறார்கள். 2020 ஜூன் 29 அன்று குறுங்காணொளிச் செயலியான டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அந்த இடத்தைப் பிடிக்க அதே போன்ற குறுங்காணொளிகளோடு அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஃபீட், அதாவது செயலியைத் திறந்ததும் வரிசையாக வருபவை, என்றால் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்கள் போட்டவை, நாமாகப் பின்தொடர்ந்தவர்கள் எழுதியவை. இப்போது வருபவை ஏறக்குறைய எல்லாமே தெரியாத முகங்கள். கோலம் போடுகிறவர், வத்தக்குழம்பு வைக்கிறவர், முழங்கால் வலிக்குப் பயிற்சி சொல்கிறவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கும் அந்த வரிசையில், அதே உயரத்தில், அதே அகலத்தில், விளம்பரமும் வந்து நிற்கிறது. இது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பதைச் சொல்லும் ஸ்பான்சர்ட் என்ற சொல் எறும்பளவு எழுத்தில் ஓரத்தில் கிடக்கிறது. அந்த இடத்துக்கு ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. கூடுதல் தொகை சொன்னவர் மட்டும் வெல்வதில்லை. இன்னார் இதைத் தொடுவாரா, வாங்குவாரா என்ற கணிப்பும் சேர்ந்துதான் முடிவாகிறது. சர்க்கரை பற்றிய காணொளிகளைக் கடைசி நொடிவரை பார்க்கிற ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கணிப்புதான். தேடிக் கொடுத்ததற்குத்தான் கூலி. கூலி வாங்கியவர் பதில் சொல்ல வேண்டாமா?

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1997-இல், படிப்பு முடிந்த கையோடு, திருச்சியில் ஒரு மாலைப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வரி விளம்பரங்களுக்குச் சொல் எண்ணிக் காசு வாங்குவதுதான் என் வேலை. ஒரு நாள் மாலை, கால் பக்க விளம்பரத்துக்கு முழுப் பணத்தையும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும் என்ற லேகிய விளம்பரம். கால் பக்கம் எங்களுக்குப் பெரிய வருமானம். எங்கள் மேலாளர் அதை முழுதாகப் படித்தார். பிறகு "முற்றிலும் குணம்" என்ற வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "இதை எடுத்துவிட்டுக் கொடுங்க, போடறேன்" என்றார். வந்தவர் இரட்டிப்புப் பணம் தருவதாகச் சொன்னார். மேலாளர் அன்றைய இதழைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர்கள் இருக்கும் வரியைக் காட்டினார். "நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸ் உங்களைத் தேடி வராது சார், இந்தப் பேரைத் தேடித்தான் வரும்." அவ்வளவுதான். லேகியக்காரர் போய்விட்டார். எங்கள் மேலாளர் பெரிய இலட்சியவாதி என்று நான் சொல்லவில்லை. பெயர் அச்சில் இருந்ததால் பயம் இருந்தது. பயம் இருந்ததால் ஒருவர் உட்கார்ந்து படித்தார்.

உடனே சொல்வீர்கள், பத்திரிகைகளும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களைப் போட்டவைதானே என்று. போட்டன. இன்றும் போடுகின்றன. அது தவறு என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்த விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக முடிந்தது. எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்தது. அம்மா பார்த்ததை நான் அடுத்த வாரம் தேடியபோது அந்தக் கணக்கே அங்கு இல்லை. அதே காணொளி வேறொரு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. புகார் செய்தேன். அவர்களின் விதிமுறைகளுக்கு எதிராக அதில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

நாள் ஒன்றுக்கு எத்தனையோ விளம்பரங்கள், எல்லாவற்றையும் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு நண்பர் நியாயமாகவே கேட்டார். அவருக்கு என் தங்கையின் கதையைச் சொல்கிறேன். தங்கை வீட்டிலிருந்தே பருப்புப் பொடி, முடக்கத்தான் பொடி செய்து விற்கிறாள். நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் வைத்து அதே செயலியில் விளம்பரம் கொடுக்கிறாள். சென்ற வருடம் "மூட்டு வலிக்கு நல்லது" என்று ஒரே ஒரு வரி தமிழில் எழுதியிருந்தாள். கால் மணி நேரத்தில் விளம்பரத்தை நிராகரித்துவிட்டார்கள், உடல்நலம் குறித்த உரிமைகோரல் என்று காரணமும் சொன்னார்கள். சரி, விதி என்றால் விதி. அவள் வரியை எடுத்துவிட்டாள். ஆக, தமிழ் படிக்கத் தெரிகிறது, நிறுத்தவும் முடிகிறது. இருநூறு ரூபாய்க்காரியிடம் முடிந்தது, ஒரு மருத்துவரின் முகத்தைத் திருடியவரிடம் ஏன் முடியவில்லை?

ஏன் என்பதற்கு ஒரு பதில் 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தியில் இருந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதிய செய்தி அது. 2024-ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது சுமார் 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடை செய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்நிறுவனமே உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்ததாம். விளம்பரதாரர் மோசடிக்காரர்தான் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை; அதற்குக் குறைந்த சந்தேகம் என்றால் அவரிடம் கூடுதல் கட்டணம். அந்த மதிப்பீடு தோராயமானது, தேவைக்கு மேல் பலவற்றையும் சேர்த்துக்கொண்டது என்று மெட்டா மறுத்திருக்கிறது. அதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் சந்தேகப்பட்டவனிடமே கூடுதலாக வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவது என்ற ஏற்பாட்டைப் படித்தபோது, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த எங்கள் மேலாளரைத்தான் நினைத்துக்கொண்டேன். மோசடி விளம்பரத்தை ஒரு முறை தொட்டவருக்கு அதே வகை விளம்பரங்கள் மேலும் வர வாய்ப்பு அதிகம் என்றும் அதே செய்தி சொன்னது. அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று நான் அவர் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் ஏழு விளம்பரங்கள்: கண்ணுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, மூட்டுக்கு மூன்று, சர்க்கரைக்கு இரண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணை ஒன்று அதில் உண்டு; நீரிழிவும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தின் வெளியீட்டில் எவரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்பது அதன் மூன்றாம் பிரிவு. எந்தப் பங்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். மறுபக்கம், பிறர் இடுவதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் காட்டும் பாதுகாப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு பேசும் நிபந்தனைகளுள் ஒன்று, தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதை இடையில் நிற்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது. நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதையே தொழிலாக நடத்துகிறவர், நான் வெறும் தபால்காரன் என்று எப்படிச் சொல்ல முடியும்? 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வணிகமுத்திரை வழக்கில், கூகுள் தன் விளம்பரத் திட்டத்தில் ஒதுங்கி நிற்பவர் அல்லர், முனைந்து பங்கெடுப்பவர் என்று சொன்னது. ஒரு நிறுவனத்தின் பெயரைக் காக்க அந்த வாதம் நிற்கிறது என்றால், ஒரு முதியவரின் உடம்பைக் காக்கவும் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

விளம்பரம் இல்லாவிட்டால் செயலி இலவசமாகக் கிடைக்காது என்பவர்களுக்கு: விளம்பரமே வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. தங்கை சாப்பிடுவதே அதில்தான்.

கடைசியாக, மகனாக நீதானே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு. இந்தக் கேள்வியைத்தான் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். சொல்லிக் கொடுத்தேன். ஓடிபி யாருக்கும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே, பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மா ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. தெரியாத லிங்க்கைத் தொடவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று பேசியதைக் கேட்டார். தெரிந்தவர் பேசினாலும் நம்பாதே என்று நான் எழுதி ஒட்டவில்லை. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, பருப்பில் ஒரு கல்லைக்கூட விடாமல் பொறுக்கியவர் அவர். அவரைப் போய் ஏமாளி என்று எழுதுகிறீர்கள்.

அந்தக் கைப்பேசியை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அப்பா போன பிறகு, சென்னைக்கு வர மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டதால், மதியம் இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை அந்த வீட்டில் அவருக்குத் துணைக்கு ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன். பாட்டிக்கு எதற்கு ஸ்மார்ட்போன் என்று கேட்டவருக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். நான் தினமும் பேசுவது பத்து நிமிடம். மீதி நேரம் அவரோடு பேசியது அது.

நேற்று இரவு அம்மா கூப்பிட்டார். பதிவின் கீழ் நடந்தது எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை, தங்கை சொல்லியிருக்கிறாள். தன்னைப் பற்றி எழுதியவர்கள்மீது அவருக்குக் கோபமே இல்லை. "தம்பி, அந்த டாக்டருக்கு யாராவது போன் போட்டுச் சொன்னாங்களாடா? அவர் மூஞ்சிய வச்சு இப்படிப் பண்றாங்கன்னு அவருக்குத் தெரியுமா? பாவம், அவர் பேருல்ல கெட்டுப்போகும்" என்றார்.