இரண்டு வன்தட்டுகள் இருந்தால் பேக்கப் ஆகிவிடாது

வீட்டுக்கு ஒரு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டுப் பெட்டி) வாங்க வேண்டும், எந்தப் பெட்டி நல்லது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், உங்கள் கோப்புகள் இன்றிரவு அழிந்துபோனால் நாளைக் காலையில் அவற்றை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு இது எரிச்சலூட்டுகிறது என்று தெரிந்தும் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை தேடாமல் பெட்டி வாங்கியவன் நான்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு, இரண்டு வன்தட்டுகள் பொருத்தும் நாஸ் ஒன்றை வாங்கி, இரண்டிலும் ஒரே தகவல் பதிவாகும்படி ரெய்ட் 1 முறையில் அமைத்தேன். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கிறதே என்ற நிம்மதியில், மடிக்கணினியிலும் பழைய செல்பேசிகளிலும் கிடந்த படங்களையும் குரல் பதிவுகளையும் அதற்கு மாற்றிவிட்டு, பழைய இடங்களில் இருந்தவற்றை அழித்தேன். ஓர் இரவு, 'படங்கள் பழையது', 'படங்கள் பழையது 2' என்று இரு கோப்புறைகளைப் பார்த்து, இரண்டாவது வெறும் நகல் என்று நம்பி நீக்கினேன். அப்பா பேசிய பதினொரு குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. நெட்வொர்க் வழியாக நீக்கும் கோப்பு பொதுவாகக் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வராது என்பதும், அதற்கான வசதியை நாஸ் பெட்டியிலேயே நாம் இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. பெட்டியின் முகப்பில் இரு வன்தட்டுகளுக்குமான பச்சை விளக்குகள் எப்போதும்போல் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் நடப்பதை மற்றொன்றிலும் உடனே நடத்துவதுதான் ரெய்ட் 1இன் வேலை. அதை அது பிழையின்றிச் செய்திருந்தது. தங்கைக்கு எப்போதோ அனுப்பியிருந்த நான்கு பதிவுகள் மட்டும் அவளிடமிருந்து திரும்பக் கிடைத்தன.

ரெய்ட் என்ற பெயரை நிலைநிறுத்தியது டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறிய தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம், அவற்றில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். தவறாக நீக்கியதையோ, திருட்டையோ, தீயையோ, மின்னல் தாக்குதலையோ அது தடுக்காது. ஆகவே நான்கு தட்டுப் பெட்டிக்கு ஆசைப்பட்டு, வெளியே ஒரு நகல் வைக்கப் பணமில்லாமல் போவதைவிட, இரண்டு தட்டுப் பெட்டியோடு தனியாக ஒரு யுஎஸ்பி வன்தட்டையும் வாங்குவதே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 விதியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கடைசி ஒன்றைத்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறோம்.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஸ்னாப்ஷாட் வசதி. பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள பெட்டிகளில், குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே குறித்து வைக்க முடியும். அதன்பின் மாறிய பகுதிகளுக்கு மட்டுமே கூடுதல் இடம் தேவைப்படுவதால், தினமும் ஒன்று எடுத்தாலும் தட்டு சட்டென்று நிரம்பிவிடாது. அன்று என்னிடம் அது இயங்கியிருந்தால் முந்தைய நாளின் கோப்புறையைச் சில நிமிடங்களில் மீட்டிருப்பேன். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே தட்டுகளில்தான் இருக்கிறது. பெட்டியே போனால் அதுவும் போய்விடும்.

படம் பார்ப்பதற்கென்று வாங்குவோர் நெட்வொர்க் வேகத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 4கே புளூரே வட்டின் உச்ச வேகமே நொடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான். சாதாரண கிகாபிட் கேபிள் 1000 மெகாபிட் வரை தாங்கும். உண்மையில் பார்க்க வேண்டியது, உங்கள் தொலைக்காட்சி அந்தக் கோப்பை நேரடியாக இயக்குமா என்பதைத்தான். இயக்காவிட்டால், நாஸிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்பும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருள்கள் ஓடும்போதே அதை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு வீடியோவை மாற்றும் வன்பொருள் உள்ள செயலி தேவை. மலிவான பெட்டிகள் இங்கேதான் திணறுகின்றன. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் சேமிப்பவர்கள் இதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

வன்தட்டு வாங்கும்போது அது சிஎம்ஆர் (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகைதானா என்று விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்ஆர் என்ற மற்றொரு வகைத் தட்டில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒரு பகுதியைத் திருத்த அதையொட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. பழுதான தட்டை மாற்றிவிட்டு ரெய்டை மறுபடி கட்டும்போது, அதாவது நாம் மிகவும் பதற்றமாக இருக்கும் வேளையில், அது மிகவும் மந்தமாகிவிடும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து படம் பார்க்கும் வசதிக்காக ரவுட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை) திறந்து, நாஸை நேரடியாக இணையத்தில் வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அப்படி இணையத்தில் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயினில் பணம் கேட்டது. வெளியிலிருந்து அணுகியே ஆக வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய தனி இணைப்பு) வழியாக வாருங்கள்.

இப்போது என் பெட்டி தினமும் இரவில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. நகலுக்கான யுஎஸ்பி வன்தட்டு தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்து வந்து, புதியவற்றை நகலெடுத்து, வேறொரு கணினியில் செருகி, ஏதாவது இரண்டு படங்களையும் அப்பாவின் நான்கு பதிவுகளில் ஒன்றையும் திறந்து, சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே திருப்பிக் கொடுக்கிறேன்.