ஊரார் நேரத்தை எடுத்துக் கொடுக்கும் மரியாதை

மே 12 செவிலியர் தினம் நெருங்கும்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது. மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகியோரைக் கடை வரிசைகளில் நிற்க வைக்கக் கூடாது, நேராக முன்னால் விட வேண்டும் என்பது அது. எங்கள் பகுதியில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி இந்த ஆண்டு அதைப் பலகையாகவே எழுதி வைத்துவிட்டது. நல்ல எண்ணம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் வியாபாரத்தில் பாதி அந்த மருத்துவமனை ஊழியர்களால் நடக்கிறது. அதனால் எனக்குப் பேச நிறையவே இருக்கிறது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண நாட்களில் இந்த முன்னுரிமை வேண்டாம். ஊரடங்கு, தட்டுப்பாடு போன்ற நாட்களில் கட்டாயம் வேண்டும். அப்போதும் அது வரிசையின் முன்னால் ஓர் இடமாக மட்டும் இருந்தால் பெரிய பயனில்லை.

கடைக்காரனாக எனக்கு உறுத்துவது எது என்றால், வரிசையில் இருக்கும் இடம் கடைக்குச் சொந்தமில்லை. காலையில் வந்து நிற்கிறாரே, அவருடையது அது. அவர் மனமுவந்து, “சிஸ்டர், நீங்கள் முன்னால் போங்கள்” என்று ஒதுங்கினால் அது மரியாதை. என் கடையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரவுப் பணி முடிந்து கண் சிவந்து வருகிறவரைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே இரண்டு பேர் விலகி நிற்பார்கள். ஆனால் கடை பலகை வைத்துச் செய்வது வேறு. அங்கே நிற்கிற கட்டடத் தொழிலாளியின் பத்து நிமிடத்தை, கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணின் பத்து நிமிடத்தை எடுத்து, தன் பெயரில் தானம் செய்கிறது கடை. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். செவிலியர் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் இன்னொரு கல்லாவைத் திறக்கலாம். அதற்கு ஆள் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். பலகைக்கு அந்தச் செலவில்லை.

அடுத்து, இந்த முன்னுரிமை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய மருத்துவர்கள் மளிகைக்கடை வரிசையில் நின்று நான் பார்த்தது அரிது. தொலைபேசியில் சொல்வார்கள், பையன் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்படியே ஒருநாள் நேரில் வந்தாலும், “டாக்டர் வந்திருக்கிறார்” என்ற பேச்சு எழுந்ததும் வரிசை தானாக விலகிவிடும். அவர்களுக்குப் பலகை தேவையே இல்லை. அதே வார்டில், அதே நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றி, தரையைக் கழுவி, கழிவை எடுத்துப் போடுகிற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் இருக்கிறார் பாருங்கள், அவர் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர் இடித்துக்கொண்டு முன்னே வருவார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பலகையில் மருத்துவர், செவிலியர் என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. ஆய்வுக்கூட ஊழியர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், பிணவறையில் வேலை செய்கிறவர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரெல்லாம் யார் கணக்கு? ஏற்கெனவே மதிப்பு இருக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு, இல்லாதவர்களுக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை. நடைமுறையில் அப்படித்தான் ஆகும்.

இனி முன்னுரிமை கட்டாயம் வேண்டிய நாட்களுக்கு வருகிறேன். இதில்தான் நம் பேச்சு முழுவதும் வீரம், தியாகம் என்று போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவு பெரியதில்லை. அது கடிகாரம்.

2020 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் மதுரையில், இந்த மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாள். ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரை மட்டுமே திறக்கலாம் என்று அரசு நேரத்தைக் குறைத்தது. காலை ஷிஃப்ட் செவிலியர் ஏழு மணிக்கெல்லாம் வார்டில் இருக்க வேண்டும். அவர் வெளியே வரும்போது நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டிருப்போம். இரண்டாம் அலையில் இது இன்னும் மோசம். 2021 மே 15 முதல் காலை 6 முதல் 10 வரை, வெறும் நான்கு மணி நேரம். ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் வந்து நெருக்கினார்கள். இரவுப் பணி முடிந்து எட்டு மணிக்கு வருகிற செவிலியர் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். காலைப் பணிக்குப் போகிறவருக்குக் கடை என்ற ஒன்றே இல்லை. மே 24 முதல் கடைகளே முழுதாக மூடப்பட்டு, காய்கறி மட்டும் வண்டிகளில் தெருத்தெருவாக வந்தது. வண்டி தெருவுக்குள் வரும் நேரத்தில் அவர் வார்டில் இருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வரிசையில் முதல் இடம் கொடுத்து என்ன செய்வது? அவர் வரிசைக்கே வர முடியாது. அவருக்கு வேண்டியது, அவர் இல்லாத நேரத்திலும் அவர் பங்குச் சரக்கு தீர்ந்துவிடாமல் இருப்பது.

நாங்கள் செய்தது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. செவிலியர்களும் வார்டு ஊழியர்களும் முதல்நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், அப்பளம் எல்லாம் கட்டி, பையில் பெயரை எழுதி, பின்கட்டுத் திண்ணையில் வைத்துவிடுவோம். கடை மூடியிருந்தாலும் பின்வாசலில் எடுத்துக்கொள்ளலாம். பணம் மாதக் கணக்கில் எழுதுவோம். வரிசையில் நின்ற யாருடைய இடமும் பறிபோகவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும், “எண்ணெய் இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே பத்துப் பாக்கெட் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அண்ணாச்சி?” என்று சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். அது யாருடையது என்று சொன்னேன். சமாதானம் ஆனாரா என்று தெரியாது. ஆனால் மறுநாளும் வந்தார்.

அந்த நாட்களில் செவிலியர்களுக்கு வரிசையில் இடம் கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனா வார்டில் பணி செய்தவர்கள் பலர் வீட்டுக்குப் போகாமல் தனியாகத் தங்க வைக்கப்பட்டார்கள். கடைக்கு வந்தது அவர்கள் வீட்டுக்காரர்கள். ‘இவர் மனைவிக்குக் கொரோனா வார்டில் டூட்டியாம்’ என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், முன்னும் பின்னும் ஆறடி என்ன, பன்னிரண்டு அடி இடைவெளி விழும். பயத்தால் கிடைத்த முன்னுரிமை அது. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்தக் கணவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது, அவரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கும்பல் கூடி அடித்துத் துரத்தியதை நாம் மறக்கவில்லை. மார்ச் 22 மாலை 5 மணிக்கு மருத்துவ ஊழியர்களுக்காகக் கைதட்டிய அதே நாடு. இடையில் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகளைத் திறந்தபோது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நேரம், நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த நேரம் என்று வயது வாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆக, யார் எப்போது வரலாம் என்று நேரம் பிரிக்க நம் நிர்வாகத்துக்குத் தெரியாமல் இல்லை. மனம் எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் விஷயம். இதற்கு மேல் சொன்னால் அரசியல் ஆகிவிடும்.

பிரிட்டனில் 2020 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். மக்கள் பயத்தில் அள்ளிக்கொண்டு போனதால் கடைகளில் அலமாரிகள் காலியாகிவிட்டன. நீண்ட பணி முடிந்து கடைக்குப் போய், காயும் பழமும் கிடைக்காமல் காரில் உட்கார்ந்து அழுத ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் காணொளி உலகம் முழுவதும் பரவியது. அவர் வரிசை நீளத்தைப் பற்றி அழவில்லை. சரக்கு இல்லை என்றுதான் அழுதார். அதன் பிறகு அங்கே கடைகள் அரசு மருத்துவச் சேவை ஊழியர்களுக்கென்று நேரம் ஒதுக்கின. டெஸ்கோ என்ற பெரிய அங்காடி நிறுவனம் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லா திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களை உள்ளே விட்டது. மற்றவர்கள் கைவைக்கும் முன் அலமாரி நிறைந்திருக்கும்போது பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். அது சரியான யோசனை. அங்கேயும் சில அயோக்கியர்கள் ஊழியர்களின் அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. தக்காளிக்கும் கழிப்பறைக் காகிதத்துக்கும் மனிதன் எவ்வளவு தூரம் போவான் பாருங்கள்.

இலங்கையில் 2022இல் நடந்ததுதான் எனக்கு இன்னும் தெளிவான உதாரணம். எரிபொருள் தீர்ந்துபோய், ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெட்ரோல், டீசல் என்று அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் சுகாதாரத் துறையும் இருந்தது. பெட்ரோல் பங்கில் வரிசை நாள்கணக்கில் நீண்ட காலம் அது. வரிசையில் ஒரு செவிலியர் ஒருநாள் நின்றால் ஒரு வார்டில் ஒருநாள் ஆள் இல்லை. அங்கே முன்னுரிமை கொடுப்பது செவிலியருக்குச் செய்யும் மரியாதை அல்ல, படுக்கையில் இருக்கும் நோயாளிக்குச் செய்யும் கடமை. வரிசையில் நின்ற மற்றவர்களும் கஷ்டப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியும். பிஸ்கட் பாக்கெட்டும் ஷாம்பும் வாங்க வந்த இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

சாதாரண நாட்களில் பலகை வைப்பதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம், அது மலிவு. 2020 மார்ச் முதல் மே வரை பிரிட்டனில் வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு மருத்துவ ஊழியர்களுக்காக மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். அடுத்த மார்ச்சில் அரசு அந்த ஊழியர்களுக்கு ஒரு சதவீத ஊதிய உயர்வு போதும் என்றது. 2022 டிசம்பரில் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடித்து வைக்கப்பட்டது. ரயிலில் செவிலியர்களுக்கு 25 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20 முதல், வேறு பல சலுகைகளோடு சேர்த்து, அதையும் நிறுத்தினார்கள். நாடு கைதட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு!

என் கடைக் கணக்குப் புத்தகத்தில் இந்த 7,700 எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இருபதாம் தேதிக்கு மேல் பட்டியலில் நெய்யும் முந்திரியும் வராது. துவரம்பருப்பு அரைக்கிலோ கால்கிலோ ஆகும். அவர்கள் என்னிடம் ஒருநாளும் வரிசையில் முன்னால் விடுங்கள் என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம், “அண்ணாச்சி, போன மாதப் பாக்கியை இந்த மாதமும் எழுதிக்கொள்ளுங்கள்” என்பதுதான்.

அடுத்த கொள்ளைநோய், அடுத்த வெள்ளம் வராமல் போகாது. கடை நேரத்தைக் குறைத்து அரசாணை எழுதுகிறவர்களுக்கு ஒரு மளிகைக்கடைக்காரனின் வேண்டுகோள் இது. அந்த ஆணையிலேயே, மருத்துவமனை ஊழியர்கள் முன்பதிவு செய்த பொருளைக் கடை மூடிய பிறகும் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 2021இல் பத்து மணிக்கு மேல் பின்வாசலில் பையை நீட்டும்போது, காவலர் வந்தால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் நீட்டினோம். அடையாள அட்டை கட்டாயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பலரிடம் அட்டை இருக்காது. மேலே போட்டிருக்கும் சீருடை போதும் என்று எழுதுங்கள். மீதியைத் தெருக் கடைக்காரர்கள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். யார் எந்த வார்டில் வேலை செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.