பாவன்கிண்டில் எதிரே நின்றது முகலாயர் படையல்ல

'பாவன்கிண்ட்' மராத்திப் படம் பற்றிய இந்த உரையாடலில், சிவாஜியின் தளபதி பாஜி பிரபு தேஷ்பாண்டே முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் படையைத் தடுத்து மடிந்தார் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதால்தான் எழுதுகிறேன்.

1660-ல் பன்ஹாளா கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது பீஜப்பூர் அடில்ஷாஹி சுல்தானின் படை. அதன் தளபதி சித்தி ஜௌஹர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஜூலை மாதத்து அடைமழை இரவில் சிவாஜி கோட்டையிலிருந்து வெளியேறி விஷால்கட் கோட்டையை நோக்கி விரைந்தபோது, பின்தொடர்ந்து வந்தவர் சித்தி மசூத். அவரும் பீஜப்பூர்க்காரரே.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. அதே ஆண்டில் முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் புணேயில் வந்து இறங்கி, சாகன் கோட்டையை முற்றுகையிட்டார். சிவாஜி ஒரே நேரத்தில் இரண்டு பேரரசுகளுக்கு நடுவே சிக்கியிருந்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அந்த நெருக்கடியின் கடுமையே மறைந்துபோகிறது.

இன்னொன்று: பாஜி பிரபு தனியாக நிற்கவில்லை. பின்னாளில் பாவன்கிண்ட் என்று பெயர் பெற்ற, கோட் கிண்ட் என்ற அந்தக் குறுகிய கணவாயில் அவருடன் நின்று மடிந்தவர்களில் பெரும்பாலோர் ஹிர்தஸ் மாவளப் பகுதியின் பாந்தல் குலப் படையினர். அவர்களுக்கு முன்பே, சிவாஜியைப் போல் வேடமிட்டுப் பல்லக்கில் சென்று உயிரைக் கொடுத்தவர் சிவா காஷித் என்ற நாவிதர். பாஜியைப் போற்றுபவர்கள் இவர் பெயரையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.