யூரோ ரேட் நின்றுபோனதற்கு அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள்

நேற்று ராத்திரி நம் ஏற்றுமதிக் குழுவில் ஓடியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட் ராணிப்பேட்டையைத் தாண்டி மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் போய்விட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி மட்டும்: ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், ஷீட்டில் அசையாமல் நின்றிருந்த பழைய யூரோ ரேட்டை வைத்து வெளிநாட்டு பையருக்கு (வாங்குகிறவருக்கு) விலை அனுப்பிவிட்டாள், குழுவில் எல்லோரும் அவளைத் திட்டுகிறார்கள். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ரேட் நின்றுபோனது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த வழியை அடைத்தவர் ஷீட்டைத் தயார் செய்தவர்.

குழுவில் பேசிய எத்தனை பேர் அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தீர்கள்? நான் பார்த்தேன். விலைக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டில் மஞ்சள் அடித்த ஒரு கட்டம், அதில் யூரோ ரேட். அதை அழுத்தினால் இம்போர்ட்ரேஞ்ச் என்று ஒரு ஃபார்முலா தெரியும். அதாவது அந்த எண் வேறொரு மாஸ்டர் ஷீட்டிலிருந்து வருகிறது. அந்த மாஸ்டர் ஷீட்டைத் திறக்க அவளுக்கு அனுமதி கிடையாது. கேட்டு வாங்கி நான் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே, இணையத்திலிருந்து ரேட்டை எடுத்துத் தரும் கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா இருக்கிறது, சரி. அதைச் சுற்றி இஃப்எரர் போட்டு, ரேட் வராவிட்டால் காட்டுவதற்கென்று ஒரு எண்ணைக் கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் முழு எண் இல்லை, நாலு தசமம் வரைக்கும்! பார்க்கிறவர்களுக்கு இப்போதுதான் சந்தையிலிருந்து வந்த ரேட் மாதிரியே இருக்கும்.

கூகுள்ஃபைனான்ஸ் சில நேரம் பதில் தராது. கரன்சிக்கும் இது நடக்கும். அப்போது கட்டத்தில் என்/ஏ, அதாவது எண் கிடைக்கவில்லை என்று வர வேண்டும். வந்திருந்தால் அந்தப் பெண் அந்த நிமிஷமே எனக்கு போன் செய்திருப்பாள், “அக்கா, ரேட் வரலை” என்று. என்/ஏ பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் அது உண்மையைச் சொல்கிறது. அதை மறைத்துவிட்டு, பழைய எண்ணைப் புதிது மாதிரி நிற்க வைத்துவிட்டு, “ஏன் கவனிக்கலை” என்று கேட்டால் என்ன நியாயம்?

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. ஒரு ஜோடி ஷூவுக்கு அடக்கம், லாபம் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோ 100 ரூபாய் என்றால் 18 யூரோ கேட்போம். அன்றைக்கு நிஜமான ரேட் 96 என்றால் 18.75 கேட்டிருக்க வேண்டும். 10,000 ஜோடி ஆர்டரில் 7,500 யூரோ காணாமல் போகும். விலை பையருக்கு மெயிலில் போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது. நஷ்டத்தை நான் சின்னதாகச் சொல்லவில்லை. முதலாளிக்குக் கோபம் வருவதும் சரிதான். அந்தக் கோபம் யார் மேல் வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

“பேங்குக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். போட்டிருக்கலாம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் சொன்னது, “ஷீட்ல லைவ் ரேட் வரும், நீ எதையும் தொடாதே” என்பதுதான். தொடாதே என்று சொன்னவர்களே இப்போது ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்கிறார்கள்.

இன்னொருவர், “பேமென்ட் வர மூணு மாசம் ஆகும், அதுக்குள்ள ரேட் எப்படியும் மாறும், இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா” என்கிறார். மாறும்தான். அது தெரிந்தே எடுக்கிற ரிஸ்க். வேண்டுமென்றால் வங்கியில் ஃபார்வர்டு கவர் எடுத்து, பின்னால் வரும் பணத்துக்கு ரேட்டை இப்போதே உறுதி செய்துகொள்ளலாம். இன்றைய ரேட் என்று நினைத்துக்கொண்டு என்றைக்கோ அடித்து வைத்த எண்ணில் விலை போடுவது ரிஸ்க் இல்லை, தப்பான கணக்கு.

எங்கள் சித்தப்பா வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு மணி சேஞ்சர் கடையில் வேலை பார்த்தார். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வங்கதேசத்துக்காரர்கள்தான் அங்கே வாடிக்கை. ஸ்கூல் லீவில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். காலையில் கடை திறந்ததும் பலகையில் நேற்றைய ரேட்டை ஈரத்துணியால் முழுக்கத் துடைப்பார். முதலில் தேதி எழுதுவார். அதற்குக் கீழேதான் டாலர், வங்கதேசப் பணமான டாகா. முதலாளியிடமிருந்து ரேட் வர லேட்டானால் தேதியை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டுவிடுவார். வெளியே ஆள் காத்திருந்தாலும் பழைய ரேட்டை எழுத மாட்டார். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய காசு, ஒரு ரூபாய் தப்பாகக் கொடுத்தாலும் பாவம் என்பார். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால் தேதி இல்லாத ரேட்டை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

நான் கேட்பதும் அவ்வளவுதான். ரேட் பக்கத்தில் தேதி வேண்டும். காலையில் வங்கி சொல்லும் ரேட்டை ஒரு கட்டத்தில் கையால் அடியுங்கள். பக்கத்தில் தேதி, அடித்தவர் பெயர். அந்தத் தேதி இன்றைய தேதியாக இல்லாவிட்டால் கட்டம் சிவப்பாக மாறட்டும், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ஒரே வரி. லைவ் ரேட்டுக்கும் கையால் அடித்த ரேட்டுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் சிவப்பு. அந்த இஃப்எரரை எடுத்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

ரேட் நின்றால் எதைப் பார்ப்பது என்று இன்பாக்ஸில் சிலர் கேட்டார்கள். முதலில் கிழமையைப் பாருங்கள். சனி, ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், எண் அசையாது, அது கோளாறு இல்லை. அப்புறம் கட்டத்தை அழுத்தி மேலே பாருங்கள், ஃபார்முலா இருக்கிறதா, யாராவது வெறும் எண்ணாகப் பேஸ்ட் செய்துவிட்டார்களா என்று. எக்செல் என்றால் கால்குலேஷன் மேனுவலில், அதாவது தானாகக் கணக்குப் போடாத நிலையில் இருக்கிறதா பாருங்கள். முதலில் திறந்த ஃபைல் மேனுவலில் இருந்தால் அதற்குப் பிறகு திறக்கிற எல்லா ஃபைலும் மேனுவலாகிவிடும். பெரிய காஸ்டிங் ஃபைல் வைத்திருக்கும் கம்பெனிகளில் பாதிப் பிரச்சினை இதுதான். மேலே மஞ்சள் பட்டையில் எனேபிள் கன்டென்ட் கேட்டால் அதை அழுத்தாமல் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. எக்செல்லின் கரன்சி டேட்டா டைப் போட்டிருந்தால் டேட்டாவில் ரெஃப்ரெஷ் ஆல். இத்தனைக்கும் அசையவில்லை என்றால் ரேட் கொடுக்கிற இடமே நின்றிருக்கும். யாஹூ ஃபைனான்ஸ் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த, ரேட்டை ஃபைலாக இறக்கிக்கொள்ளும் சிஎஸ்வி வசதி 2017 நவம்பரில் நின்றது. அதை நம்பியிருந்த ஷீட்டுகள் எல்லாம் ஒரே நாளில் படுத்தன. இலவசமாக வருவது எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, ரேட் 20 நிமிடம் வரை தாமதமாகலாம் என்று. அது தவிர, வரும் ரேட் சந்தை ரேட். நம் பில்லுக்கு வங்கி தருவது அதன் சொந்த பையிங் ரேட், அதாவது நம்மிடமிருந்து யூரோவை அது வாங்கும் ரேட், அது எப்போதும் குறைவுதான். 2018 ஜூலை முதல் எஃப்பிஐஎல் (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட் வேலை நாட்களில் மதியம் வந்துவிடுகிறது, அதையாவது ஒரு தடவை ஒத்துப் பார்க்கலாம். இதெல்லாம் முடிவு செய்ய வேண்டியது யார்? பத்தாயிரம் சம்பளத்துக்கு எண்களை அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையா?

“உங்ககிட்ட டிரெயினிங் எடுத்த பொண்ணு, அதான் வக்காலத்து” என்று எழுதினார் ஒருவர். ஆமாம், என்னிடம்தான் கற்றுக்கொண்டாள். பிகாம் முடித்து, ஆற்காடு பக்கம் கிராமத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு ஜோடி குறைந்தாலும் கண்டுபிடிப்பாள். அவளுக்குப் பேசாமல் வேறு யாருக்குப் பேசுவேன்?

ஆனால் எனக்கு நேற்று ராத்திரி தூக்கம் போனது வேறொரு வரியால். “பொம்பளப் பிள்ளைங்களை கம்ப்யூட்டர்ல உட்கார வச்சா இப்படித்தான்.” அதற்குக் கைதட்டி இருபது பேர். அதில் நான் விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்த வீட்டுக்காரர்களும் உண்டு. நம் மாவட்டங்களில் ஷூ கம்பெனி வேன்கள் காலையில் யாரை ஏற்றிக்கொண்டு போகின்றன? ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைப்பது யார்? பெண்கள் தைத்த ஷூவை விற்றுத்தான் அந்த வரியை எழுதியவரின் வீட்டில் விளக்கு எரிகிறது. மெஷினில் உட்காரலாம், கம்ப்யூட்டரில் உட்காரக் கூடாதா? ஷீட்டைப் போட்ட ஆண் கன்சல்டன்டின் பெயரை அந்தக் குழுவில் ஒருவர்கூட எழுதவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அவள் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் அப்பாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். சம்பளத்தில் பிடிப்பார்களா என்று என்னைக் கேட்டாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

குழு அட்மினுக்கு: அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் அவள் பெயர் அப்படியே தெரிகிறது, அதை இன்றைக்கே நீக்குங்கள். முதலாளிக்கு: அவள் சம்பளத்தில் கை வைப்பதற்கு முன் மாஸ்டர் ஷீட்டைத் திறந்து அந்த ஃபார்முலாவை நீங்களே படியுங்கள். கூடவே உட்கார்ந்து காட்ட நான் தயார், திங்கட்கிழமை எந்த நேரம் என்றாலும் வருகிறேன்.