பாயியை நம்பி இருக்கும் ஊர்

போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு நிலக்கரிப் பக்கம் திரும்பியது. "நிலத்தடிச் சுரங்கம் எல்லாம் நஷ்டம்தானே, மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டார். நல்ல மனுஷர், கணக்கு தெரிந்தவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கிண்டியில் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு நான் வேலைக்குப் போனது தெலங்கானாவில், மந்தமர்ரி பக்கம். ஒன்பது வருஷம் நிலத்தடியில்தான் வேலை. நமக்குச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அது பூமியைத் திறந்துபோட்டு பழுப்பு நிலக்கரி எடுக்கிற இடம். நான் இருந்த இடம் வேறு மாதிரி. மேலே பருத்திக் காடு, எருமை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்கு நேர் கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் அதைப் 'பாயி' என்பார்கள். கிணறு என்று அர்த்தம். வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டால், "பாயிக்குப் போயிருக்கார்" என்று பதில் வரும். சுரங்கங்களின் பெயரில் 'கனி' இருக்கும்: கல்யாண் கனி, ரவீந்திர கனி, சாந்தி கனி. கோதாவரிகனி என்று ஒரு ஊரே இருக்கிறது. கனி என்றால் சுரங்கம்; நம் கனிமத்தில் வருகிற அதே கனி.

1871-ல் வில்லியம் கிங் என்ற புவியியலாளர் எல்லந்து அருகே நிலக்கரியைக் கண்டுபிடித்தார். 1889-ல் வெட்டத் தொடங்கினார்கள். நான் வேலை பார்த்த சிங்கரேணி காலரீஸ் என்ற கம்பெனி உருவானது 1920-ல். இப்போது மாநில அரசுக்கு 51 சதவீதம், மத்திய அரசுக்கு 49 சதவீதம். கொத்தகூடம், பெல்லம்பல்லி, மந்தமர்ரி, கோதாவரிகனி எல்லாம் பாயி வந்ததால் வளர்ந்த ஊர்கள். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், பள்ளி என்று எல்லாமே அதன் பின்னால் வந்தவை.

காலை ஷிஃப்டுக்கு முன்னால் விளக்கு அறை ஜன்னல் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணைச் சொன்னால் இரவெல்லாம் சார்ஜ் ஏறிய கேப் லேம்ப், அதாவது தொப்பியில் மாட்டும் விளக்கு, கைக்கு வரும். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் மேலே வந்த பிறகும் ஒரு விளக்கு அதன் இடத்துக்குத் திரும்பவில்லை என்றால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார். அந்த எண் யாருடையது, அவர் வீடு எந்தத் தெரு, பெண்ணுக்கு எப்போது கல்யாணம், எல்லாம் விளக்கு அறைக்காரருக்குத் தெரியும். நான் இருந்த பாயியில் மூன்று ஷிஃப்டும் சேர்த்து ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர். தூண்களை விட்டுவிட்டு இடையில் நிலக்கரியை வெட்டிக்கொண்டு போகிற முறை அது. கூரைக்குப் போல்ட் அடிக்க ஆள் வேண்டும், வெடி வைக்க ஆள் வேண்டும், தண்ணீர் இறைக்க, காற்று பார்க்க, டப் என்கிற நிலக்கரித் தொட்டி வண்டிகளைக் கயிற்றால் இழுக்கிற ஹாலேஜை ஓட்ட, பெல்ட்டைக் கவனிக்க ஆள் வேண்டும். அவர்களை மேற்பார்க்க சர்தார், அவருக்கு மேலே ஓவர்மேன். என்ன இயந்திரம் வந்தாலும் நிலத்தடி வேலைக்கு ஆள் கை வேண்டும்.

நண்பர் சொல்கிற நஷ்டக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. நிலத்தடியில் ஒரு ஆள் ஒரு ஷிஃப்டில் எடுப்பது சராசரியாக ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். மேலிருந்து தோண்டுகிற திறந்தவெளிச் சுரங்கத்தில் பத்து டன்னுக்கு மேல். 2023-24-ல் சிங்கரேணி எடுத்தது 70 மில்லியன் டன்; அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு திறந்தவெளியிலிருந்து வந்தது. நிலத்தடி நிலக்கரிக்கு ஆகிற செலவு விற்கிற விலையைவிட அதிகம் என்பதும் உண்மை. டன்னை மட்டும் பார்த்தால் நண்பர் சொல்வது சரி.

ஆனால் அந்தச் செலவு எங்கே போகிறது? பெரும்பகுதி சம்பளம்தான். அந்தச் சம்பளம் மந்தமர்ரி மார்க்கெட்டுக்குத்தான் வருகிறது. நான் குடியிருந்த தெருவில் ஒரு மளிகைக் கடை. நீள நோட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வீட்டுப் பெயர், பக்கத்தில் எந்தப் பாயி, எந்த ஷிஃப்ட். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடன். சம்பளம் வந்த மறுநாள் மாலை வரிசையில் நின்று கணக்கு முடிப்பார்கள். 2011-ல் தனி மாநிலத்துக்காகச் சிங்கரேணி தொழிலாளர்கள் 35 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளம் நின்றது. அந்தக் கடைக்காரர் ஒரு வீட்டுக்கும் அரிசியை நிறுத்தவில்லை. "பாயி எங்கே போய்விடும் சார்" என்றார். நிரந்தர வேலையை ஒரு ஊர் எப்படி நம்புகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நிலக்கரி விலையில் 14 சதவீதம் ராயல்டியாக மாநிலத்துக்குப் போகிறது, மாவட்டக் கனிம நிதிக்கும் ஒரு பங்கு போகிறது. அது எந்தச் சுரங்கமானாலும் போகும். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. வீட்டுக்குள் வருகிற பணத்தைப் பற்றி.

தசராவுக்கு முன்னால் லாபத்தில் பங்கு தருவார்கள். 1999-ல் தொடங்கிய வழக்கம். 2024-ல் அந்த ஆண்டு லாபத்தில் 796 கோடி ரூபாய் பங்காக அறிவித்தார்கள். சராசரியாக ஒரு தொழிலாளிக்கு 1.90 லட்சம். அந்த வாரம் மஞ்சிரியால் நகைக்கடைத் தெருவில் நடக்க முடியாது. சீட்டு எடுத்த கடன் அடையும், பைக் வாங்குவார்கள், வீட்டுக்குக் கான்கிரீட் போடுவார்கள். அதே அறிவிப்பில் முதன்முறையாக ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் கொடுத்தார்கள். ஆளுக்கு 5,000 ரூபாய். முதல் தடவை கிடைத்ததே நல்லதுதான், ஆனால் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறந்தவெளியில் மேல்மண் அள்ளுகிற வேலை பெரும்பாலும் தனியார் ஒப்பந்தத்தில் போகிறது. நிலத்தடியில் ஒரு நிரந்தர ஆள் குறைந்து வெளியில் ஒரு ஒப்பந்த ஆள் கூடினால், டன் ஏறும், ஊர் இறங்கும். 1990-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனத்தில் 1.16 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது ஏறக்குறைய நாற்பதாயிரம்தான்.

இந்த வேலையை நான் புனிதமாக்க விரும்பவில்லை. வெயிலே பார்க்காத வருஷங்கள் அவை. முழங்காலும் நுரையீரலும் போனவர்களை எனக்குத் தெரியும். 2003 ஜூன் 16 அன்று கோதாவரிகனி 7 எல்.ஈ.பி. சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 17 பேர் இறந்தார்கள். நான் போனபோதும் அதைப் பற்றி அந்தப் பக்கத்து ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

எங்கள் பாயியில் மரம் வைக்கிற வேலை, அதாவது கூரைக்கு மரத்தூண் முட்டுக்கொடுக்கிற வேலை, பார்த்த ஒருவர் இருந்தார். நான் "அன்னா" என்பேன், அவர் என்னைச் "சார்" என்பார். கூரையைக் கம்பியால் தட்டி, வருகிற ஒலியை வைத்தே "இங்கே நிற்காதீங்க சார்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லி நான் நகராமல் இருந்ததில்லை. தன் மகன் இந்த இருட்டுக்குள் இறங்கக் கூடாது என்று சாப்பாட்டு நேரத்தில் தினமும் சொல்வார். அதே மனிதர், வாரிசுக்கு வேலை வேண்டும் என்று சங்கம் தர்ணா உட்கார்ந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்தார். மகன் பதிலித் தொழிலாளியாக, நிரந்தரமாகாத ஆளாகச் சேர்ந்தான். நிலத்தடியில் வருஷத்துக்கு 190 மஸ்டர், அதாவது 190 நாள் வருகை, தேறினால்தான் நிரந்தரம். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். மகன் இறங்கிய ஒவ்வொரு நாளையும் அவர் மனைவி கரித்துண்டால் வட்டம் போட்டு வைப்பார். காய்ச்சல் வந்த நாளில் வட்டம் விழாது. அந்த வட்டங்களை எண்ணித்தான் அந்த வீட்டில் பெண் பார்க்கப் போனார்கள்.

இருட்டுக்குள் அனுப்ப மனசு வரவில்லை, ஆனால் அந்த வேலையைவிட நம்பகமான வேறு வேலை அந்த ஊரில் இல்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. வெளியிலிருந்து "மூடிவிடலாம்" என்று சொல்கிறவர்கள் முதல் பாதியை மட்டும்தான் கேட்கிறார்கள்.

மூடினால் என்ன ஆகும் என்று யூகிக்க வேண்டியதில்லை, பெல்லம்பல்லிக்குப் போனால் போதும். 1920-களின் கடைசியில் அங்கே சுரங்கம் வந்தது. ஒரு காலத்தில் இந்த நிலக்கரிப் பகுதியிலேயே கலகலப்பான ஊர். ஊரைச் சுற்றியிருந்த பாயிகள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள், குவார்ட்டர்ஸ் காலியானது. நான் பார்த்தபோது வரிசை வரிசையாகக் கதவில்லாத வீடுகள், உள்ளே வேப்பங்கன்று. கடைத்தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று கணக்கில் எழுதியிருப்பார்கள். உண்மைதான். ஆள் இன்னொரு ஊரில் சம்பளம் வாங்கினார். இந்த ஊர் மட்டும் மெலிந்தது.

என் கருத்து இதுதான். நிலக்கரி தீர்ந்த பாயியை மூடத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. நிலக்கரி கீழே இருக்கும்போதே, மேலிருந்து தோண்டினால் மலிவு என்பதற்காக ஊரைக் கிளப்பி மண்மலை எழுப்புவதை நான் ஏற்கமாட்டேன். புதிய நிலத்தடிச் சுரங்கம் திறக்கட்டும், நல்ல இயந்திரம் வரட்டும். 2014-ல் சிங்கரேணியின் அட்ரியாலா சுரங்கத்தில் லாங்வால், அதாவது நீண்ட சுவர்போல நிலக்கரியை இயந்திரத்தால் வெட்டுகிற முறை, கொண்டுவந்தார்களே, அந்த வழி இருக்கிறது. ஆனால் அதில் இறங்குகிற ஆள் நிரந்தர ஆளாக இருக்கட்டும். 2019-ல் விதி மாறிய பிறகு பெண்களும் கீழே தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளைச் செய்யலாம். மரம் வைத்த அந்த அன்னாவின் பேத்தி இப்போது மைனிங் டிப்ளமோ படிக்கிறாள். அவளுக்கு ஒரு பாயி இருக்க வேண்டும்.

போன மாதம் பழைய சர்தார் ஒருவர் போன் செய்தார். பாயி வாசலில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவைப் பற்றி விசாரித்தேன். மூன்று ஷிஃப்டுக்கும் கடை திறந்திருக்கும், நைட் ஷிஃப்ட் முடிந்து கரிமுகத்தோடு வருகிறவர்களுக்கு முதல் ஈடு. பாயியில் ஆள் குறைந்ததும் கடையைத் திறந்தவெளி ரோட்டுக்கு மாற்றிக்கொண்டாராம். அங்கே டிப்பர்கள் நிற்பதில்லை, டிரைவர்களுக்கு ஒப்பந்தக்காரரின் மெஸ் இருக்கிறது. முன்பு நாளைக்குப் பதினைந்து கிலோ மாவு ஓடும். இப்போது மூன்று கிலோ.