ஆமாம், அந்த "நம்பர் தர மாட்டேன்" ஆன்ட்டி நான்தான்

துணிக்கடையில் பில் போட மொபைல் நம்பர் தர மாட்டேன் என்று ஒரு பெண் சத்தம் போடும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். எனக்கே குடும்ப குரூப்பில் வந்தது. அதில் இருப்பது நான் என்று தெரியாமல் பெரியப்பா மகன் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். வீடியோவில் வராததை மட்டும் சொல்கிறேன். எடுத்த புண்ணியவான் நான் குரலை உயர்த்திய பிறகுதான் போனைத் தூக்கியிருக்கிறார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இரண்டு சுடிதார், அப்பாவுக்கு ஒரு வேட்டி, மொத்தம் 2,340 ரூபாய். பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமலே "நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள். "வேண்டாம்மா, பில் மட்டும் குடு" என்றேன். "நம்பர் போடாம பில் வராதுக்கா, சிஸ்டம் எடுக்காது" என்றாள். ரொக்கம்தானே கொடுக்கிறேன், நம்பர் எதற்கு என்று கேட்டேன். பதில் அவளிடம் இல்லை. சூப்பர்வைசர் வந்தார். "எல்லாரும் குடுக்குறாங்க மேடம், உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சினை?" என்று பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார். இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் வீடியோ ஆரம்பிக்கிறது.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. கடை நம்பர் கேட்கலாம். நான் தராமல் இருக்கலாம். தராவிட்டால் பில் கிடையாது என்று சொல்லக் கூடாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு இதைச் சொல்லிவிட்டது. பில் போட மொபைல் நம்பர் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், அது முறையற்ற வணிகம் என்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பதும் அதே முறையற்ற வணிகப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆக அங்கே சட்டப்படி நடந்துகொண்டவள் நான். கேலிக்கு ஆளானவளும் நான்.

"ஜிஎஸ்டி இருக்கே, அதுக்கு நம்பர் வேணும்ல?" என்று ஒருவர் கமென்ட்டில் பாடம் எடுத்திருக்கிறார். வேண்டாம் சார். பதிவு செய்யாத சாதாரண வாடிக்கையாளர் கடைக்குப் போய் வாங்கினால், பில் 50,000 ரூபாயைத் தொடும்வரை பெயர்கூடக் கட்டாயமில்லை. என் வேட்டிக்கும் சுடிதாருக்கும் அந்த யோகம் இல்லை.

சரி, அந்த "சிஸ்டம் எடுக்காது" விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கோபப்படுத்தியது சூப்பர்வைசர்கூட இல்லை, அந்த வார்த்தைதான். நான் பல வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறவள். பில்லிங் சாஃப்ட்வேரும் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தால், ஏதோ ஒரு மீட்டிங்கில் யாரோ "இதை மேண்டேட்டரி ஆக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். எதற்கு என்று கேட்க வேண்டியவர் டீ குடித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். டெவலப்பர் ஒரு வரி எழுதியிருக்கிறார். என்னைப் போல ஒருத்தி கட்டத்தைக் காலியாக விட்டு 'சேவ்' அழுத்தி, சிவப்பில் எச்சரிக்கை வருவதைப் பார்த்துவிட்டு, 'பாஸ்' என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இத்தனை பேர் சேர்ந்து எடுத்த முடிவைத்தான் கவுன்ட்டரில் நின்று "சிஸ்டம்" என்கிறார்கள். சிஸ்டத்தோடு சண்டை போட முடியாதே! அந்த வசதிக்காகத்தான் அந்த வார்த்தை.

இன்னொன்றும் சொல்கிறேன். பல கடைகளில் அந்தக் கட்டத்தில் ஒன்பதையே பத்து தடவை அடித்தால் மறு பேச்சு இல்லாமல் பில் வந்துவிடும். அவசரமாக இருந்தால் பில் போடுகிறவர்களே தங்கள் நம்பரைப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கும் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான் கேள்வி கேட்டுவிட்டேன் அல்லவா, அப்புறம் எப்படிச் செய்வார்கள்?

"பேசாம ஏதாவது பொய் நம்பர் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" இது என் தோழியே கேட்டது. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான் வாய்க்கு வந்தபடி சொல்லும் பத்து இலக்கம் வேறு யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும். நாளைக்கு "உங்கள் பிறந்தநாளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி" அவருக்குப் போகும். இதற்குப் பெயர் சாமர்த்தியம். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் அது திமிர்.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி. "ஒரு போன் நம்பர்ல அப்படி என்ன இருக்கு?" கேட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். ஒருவரைத் தவிர எல்லாரும் ஆண்கள். சும்மா சொல்லி வைக்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை.

அண்ணன்மார்களே, நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரீசார்ஜ் கடை இருந்தது. கவுன்ட்டரில் நீளமான கணக்கு நோட்டு, சணலில் கட்டித் தொங்கவிட்ட பால்பாயின்ட் பேனா. நம்பரையும் தொகையையும் நாமே எழுத வேண்டும். ஒரு நாள் எழுதிவிட்டு நகர்ந்தவள், சில்லறை வாங்க மறந்து திரும்பினேன். கடைக்காரர் என் நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தார். அதே பக்கத்தில் மேலே இன்னும் சில டிக். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் எழுதிய வரிகளிலும் இருந்தது. நடுவில் பையன்கள் எழுதிய வரிகளில் இல்லை. பணம் ஏறியதற்கு அடையாளம் போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே ராத்திரி மிஸ்டு கால் ஆரம்பித்தது. அப்புறம் "சாப்டியா" என்று மெசேஜ். அப்புறம் நான் அன்றைக்கு எந்த நிறச் சுடிதார் போட்டிருந்தேன் என்று மெசேஜ். வீட்டில் தெரிந்ததும் அப்பா சிம் கார்டைக் கழற்றி இரண்டாக ஒடித்தார். படிப்பு முடியும்வரை புது நம்பர் தம்பியின் கையில்தான் இருந்தது. தோழிகள் கூப்பிட்டால் அவன் "யாரு, எதுக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பான். அந்தக் கடைக்காரரிடம் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா என்னிடம் மட்டும் கேட்டாள், "நீ எதுக்கு எழுதுன?"

2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் பெண்களின் நம்பர்களை விற்கின்றன என்று செய்தி வந்தது. 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை, பெண்ணின் அழகைப் பொறுத்து விலை. என்னோடு வேலை பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். எனக்கு அந்த டிக்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நம்பர் வெறும் நம்பர். இன்றைக்கு அதைப் பணம் அனுப்பும் செயலியில் அடித்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் வந்து நிற்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, கேஸ், வங்கி என்று எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகிறது. ஓடிபி வருவதும் அதற்குத்தான். "நான் போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்று கூப்பிடுகிறவன் முதல் வரியிலேயே நம் பெயரைச் சரியாகச் சொல்கிறானே, எங்கிருந்து எடுத்தான்? வானத்திலிருந்தா? ஸ்டார் ஹெல்த் மாதிரிப் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களே 2024-இல் டெலிகிராமில், மருத்துவ அறிக்கைகள் உட்பட, கேட்பவர்களுக்குக் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்தக் கதி என்றால், மானிட்டரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கும் கவுன்ட்டரை நம்பி நான் நம்பரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆன்ட்டிக்குக் கொழுப்பு.

"அதான் சட்டம் வந்துருச்சே" என்று ஒரு வக்கீல் நண்பர் ஆறுதல் சொன்னார். வந்தது, ஒத்துக்கொள்கிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்றால் சுதந்திரமாக, எதற்கென்று தெரிந்து, நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. மருந்துக் கடையில் பணம் கட்டிய ரசீதைப் போனுக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் தானாக நம்பர் கொடுத்தால், ரசீது அனுப்ப மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தானாகக் கொடுத்தால்! நான் கவுன்ட்டரில் கத்தியதும் இதைத்தான். என்ன, சட்டத்தைப் போல நிதானமாகச் சொல்ல வரவில்லை.

ஆனால் அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். கடைக்காரர் என்னிடம் எப்படிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது போன்ற முக்கியமான பகுதிகளுக்கு அங்கிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். அதே சட்டத்தைச் சாக்காக வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இருக்கிறதே, "தனிநபர் தகவல்" என்று சொல்லி அதிகாரிகள் பதில் தர மறுப்பதைச் சுலபமாக்கியது, அதற்கு அவகாசமே இல்லை. உடனே அமலுக்கு வந்துவிட்டது. எது அவசரம், எது ஆற அமர என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னும் கேளுங்கள். தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அது போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. யாருடைய விவரம் கசிந்ததோ அவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா இழப்பீடு கிடையாது. ஆனால் அவர் கொடுக்கும் புகார் பொய்யானது, அற்பமானது என்று முடிவானால் அவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. படித்ததும் எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. நீ எதுக்கு எழுதுன?

"முகநூலில் ஊரறிய எழுதுகிறவருக்குத் தனியுரிமை ஒரு கேடா?" என்று கேட்ட அறிஞருக்கு: முகநூலில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று நான் முடிவு செய்கிறேன். என் கல்யாணப் போட்டோவைப் போட்டதால் என் வீட்டுச் சாவியை உங்களிடம் தர வேண்டுமா? இதற்கு மேல் உங்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

"மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?" என்றவர் தன் முகநூல் கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி. எண்பது வயதைத் தாண்டியவர் ஆதாரை எதிர்த்துப் படியேறினார். நல்லவேளை, அவரை யாரும் வரிசையில் நின்று வீடியோ எடுத்து "தாத்தா ராக்ஸ்" என்று போடவில்லை.

ஒரே ஒரு விமர்சனம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "பாவம் அந்த பில் போடுற பொண்ணு, அவளோட சம்பளத்துக்கு அவ என்ன பண்ணுவா?" உண்மைதான். ஒரு நாளைக்கு இத்தனை நம்பர் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. பக்கத்தில் உட்கார ஸ்டூல்கூட இல்லை, நானே பார்த்தேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இலேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. அதுவும் "சிஸ்டம் எடுக்காது" கணக்கில் சேர்ந்துவிட்டது போல. ஆனால் அவளுக்காகத்தான் நான் நம்பர் கொடுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. அவளை நிற்க வைத்தவரும் நம்பர் கேட்க வைத்தவரும் ஒரே முதலாளிதான். நான் குரல் உயர்த்தியது சூப்பர்வைசரிடம், அவளிடம் இல்லை. வீடியோவை அரை நிமிஷம் முன்னால் ஆரம்பித்திருந்தால் தெரிந்திருக்கும். அவள்மீது திடீர்க் கருணை பிறந்த யாரும் அவள் முகத்தை மறைக்காமல் அந்த வீடியோவைப் பகிர்ந்ததைப் பற்றிப் பேசவில்லை. அவள் வீட்டிலும் ஒரு தம்பி இருப்பான். "யாரு, எதுக்கு?" என்று அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

எனக்கு வருத்தம் இதில்தான் அதிகம். கடைக்காரர் நம்பரைத்தான் கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர் அதைக்கூடக் கேட்கவில்லை, முகத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடியோ போட்ட தளத்தில் புகார் கொடுத்தேன். எங்கள் சமூக விதிகளை மீறவில்லை என்று கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மனிதர் யாராவது பார்த்தார்களா என்றே சந்தேகம். ஆபீஸில் ஒரு பையன் என்னைப் பார்த்ததும் "அக்கா, நம்பர்?" என்று கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் தங்கை ரீசார்ஜ் நோட்டில் எழுத வேண்டியதில்லை, எல்லாம் செயலியிலேயே முடிந்துவிடுகிறது. டிக் போடுவது இப்போது யார் என்று மட்டும் தெரியாது.

நான் விடப் போவதில்லை. அந்தக் கடைமேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யப் போகிறேன். "அதுக்கும் மொபைல் நம்பர் வேணுமே ஆன்ட்டி" என்று டைப் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். வேண்டும்தான். கொடுப்பேன். புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு என் நம்பர் தேவை, அது எனக்குப் புரிகிறது, அதனால் கொடுக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இந்த முறை பதிவை முதல் வரியிலிருந்து எடுங்கள், அது போதும்.