கொம்பனி விழுந்தாலும் கரண்ட் நிற்காது

2021 செப்டெம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா சமையலறை லாச்சியை இழுத்து வைத்து மெழுகுதிரி எண்ணிக்கொண்டிருந்தார். இங்கே பிரித்தானியாவில் எங்கள் வீட்டுக்குக் கரண்டும் காஸும் தந்துகொண்டிருந்த கொம்பனி மூடப்பட்டுவிட்டதாக அன்று மதியம் எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. தம்பி அதை அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறான். "எத்தினை மணிக்கு நிப்பாட்டுவாங்களாம்?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் எங்களைப் படிக்க வைத்தவர் அவர். ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்கு இழுக்கலாம் என்று கணக்குப் பார்த்துப் பழகியவர். கரண்ட் ஒருநாள் நின்றால் வருடக்கணக்கில் திரும்பி வராது என்பது அவர் வாழ்ந்து பார்த்த விஷயம். அவரை நான் எப்படிக் குறை சொல்வது?

போன கிழமை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரித்தானியாவில் இருக்கும் நம் ஆட்களில் பலருக்கு இந்த விஷயத்தை ஒருவரும் தமிழில் வடிவாகச் சொல்லவில்லை.

நாங்கள் மாதாமாதம் காசு கட்டும் கொம்பனிக்கும் வீட்டுக்கு வரும் வயருக்கும் சம்பந்தமே இல்லை. ஊரில் மின்சார சபை என்றால் கம்பம், வயர், மீற்றர், பில் எல்லாம் ஒரே இடம். இங்கே அப்படி இல்லை. லண்டனின் பெரும்பகுதியில் கரண்ட் வயர்களை வைத்திருப்பது யூகே பவர் நெட்வேர்க்ஸ். நீங்கள் எந்தக் கொம்பனிக்குக் காசு கட்டினாலும் வயர் அதேதான். பில் அனுப்பும் கொம்பனி மொத்தச் சந்தையில் கரண்டையும் காஸையும் வாங்கி உங்களுக்கு விற்கிறது, அவ்வளவுதான். அது விழுந்தால் லைட் அணையாது, அடுப்பு அணையாது. ஓஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு சில நாட்களுக்குள் இன்னொரு கொம்பனியை நியமித்து எல்லா வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்றிவிடும். கடிதத்தில் 'சப்ளையர் ஒஃப் லாஸ்ட் ரிசோர்ட்' என்று போட்டிருப்பது இதைத்தான். உண்மையிலேயே கரண்ட் போனால் 105க்கு அடியுங்கள். அதற்கும் கொம்பனி விழுந்ததற்கும் தொடர்பு இருக்காது.

சரி, அந்தச் சில நாட்களில் என்ன செய்வது? அநேகமாக ஒன்றும் செய்யக்கூடாது. பயத்தில் ஓடிப்போய் வேறு கொம்பனிக்கு மாறுவதுதான் பலர் செய்யும் பிழை. புதிய கொம்பனி நியமிக்கப்படும் முன்னர் மாறினால், பழைய கணக்கில் நிற்கும் உங்கள் காசைத் திரும்ப எடுப்பது சிக்கலாகலாம். டைரக்ட் டெபிட்டையும், அதாவது வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகக் காசு போகும் ஏற்பாட்டையும், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். புதிய கணக்கு திறக்கப்பட்டது என்று உறுதியான பிறகு நிறுத்தலாம்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் செய்தி கேட்ட அன்றே செய்யுங்கள். கரண்ட் மீற்றர், காஸ் மீற்றர் இரண்டையும் திகதியோடு படம் எடுங்கள். பழைய கொம்பனியின் இணையக் கணக்குக்குள் போய், எவ்வளவு கிரெடிட், அதாவது நீங்கள் கூடுதலாகக் கட்டிய காசு, இருக்கிறது என்ற பக்கத்தையும் படம் பிடித்து, கடைசிப் பில்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எத்தனை நாளுக்குத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு அந்தப் படம் எவ்வளவு உதவியது தெரியுமா? பழைய கொம்பனி கடைசிப் பில்லில் போட்ட மீற்றர் எண் வெறும் மதிப்பீடு, அதுவும் கூடுதலாகப் போட்டது. புதிய கொம்பனி தன் முதல் எண்ணைக் குறைத்துப் போட்டது. இடையில் 600 யூனிட். அந்த 600க்கும் நான் இரண்டு முறை காசு கட்டியிருப்பேன். போனில் மூன்று தடவை கதைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. படத்தை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகு ஒரே கிழமையில் திருத்தினார்கள். கணக்கில் நின்ற 186 பவுண்ஸ் கிரெடிட் வந்து சேர ஐந்து மாதம் பிடித்தது. ஆனாலும் வந்தது. வீட்டு வாடிக்கையாளரின் கிரெடிட் பாதுகாக்கப்படும் என்பது ஓஃப்ஜெம்மின் விதி. அதனால் பொறுமையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். எட்டுக் கிழமைக்குள் முறைப்பாட்டுக்குத் தீர்வு வராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அது இலவசம். இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பும் உதவும்.

பழைய கொம்பனிக்கு நீங்கள் கடன் வைத்திருந்தால், கொம்பனி போனதோடு கடனும் போய்விடாது. புதிய கொம்பனியோ, பழைய கொம்பனியின் சொத்தை நிர்வகிக்க வந்தவர்களோ கேட்பார்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். மொத்தமாகக் கட்ட வசதி இல்லை என்றால் சிறுகச் சிறுகக் கட்டுவது பற்றிக் கதையுங்கள்.

காசு போட்டுப் பாவிக்கும் மீற்றர் வைத்திருப்பவர்கள், அதிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள், பழைய கார்ட்டையோ திறப்பையோ எறிந்துவிடக்கூடாது. புதியது வரும்வரை பழையதிலேயே டொப்-அப் செய்யலாம். குளிர்காலத் தள்ளுபடியான வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் கிடைத்துக்கொண்டிருந்தால், புதிய கொம்பனியும் அதைத் தருமா என்று கேளுங்கள். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்து முன்னுரிமைப் பட்டியலில் பதிந்திருந்தால் அதையும் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். இன்னொன்று, இந்த நாட்களில் "நாங்கள்தான் புதிய கொம்பனி, வங்கி விபரம் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்தக் கொம்பனி நியமிக்கப்பட்டது என்பதை ஓஃப்ஜெம் தன் இணையத்தளத்திலேயே போடும்.

பழைய கொம்பனியில் இரண்டு வருடத்துக்கு என்று பூட்டி வைத்த மலிவு விலை கொம்பனியோடு போய்விடும். இது எனக்கு உண்மையாகவே வலித்தது. புதிய கொம்பனியின் விலை கூடலாம், ஆனால் ஓஃப்ஜெம்மின் விலை உச்சவரம்பைத் தாண்ட முடியாது. பிடிக்காவிட்டால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம்.

கடை வைத்திருக்கும் அண்ணாமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பாதுகாப்பு வீட்டுக்குத்தான். வியாபாரக் கணக்கில் நிற்கும் கிரெடிட் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இல்லை, விலை உச்சவரம்பும் வியாபாரக் கணக்குக்குக் கிடையாது. நாலு ஃபிரீசர் இரவு பகலாக ஓடும் கடையில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். கொம்பனியில் காசு தேங்க விடாதீர்கள்.

இனி எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

2021 நடுப்பகுதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த நாட்டில் கிட்டத்தட்ட 30 கொம்பனிகள் விழுந்தன. அவ்ரோ எனர்ஜியில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள். பல்ப் என்ற கொம்பனி பதினைந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்திருந்தது. அவ்வளவு பேரை இன்னொரு கொம்பனி ஏற்க முடியாது என்பதால் அரசாங்கம் காசு போட்டு அதை ஓட விட்டது, 2022 டிசம்பரில்தான் ஒக்டோபஸ் எனர்ஜி அதை வாங்கியது. உலகச் சந்தையில் காஸ் விலை ஏறியதுதான் காரணம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. விலை ஏறும் என்று முன்கூட்டியே காஸை வாங்கி வைத்த கொம்பனிகள் தாங்கி நின்றன. வாங்கி வைக்காமல், எங்களுக்கு மலிவு விலையை வாக்குக் கொடுத்தவை விழுந்தன. கைமுதல் இல்லாத கொம்பனிகளுக்கும் ஓஃப்ஜெம் வருடக்கணக்காக உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவர்கள் எந்தக் காசில் நடத்தினார்கள்? பெரும்பாலும் எங்கள் காசில். கோடையில் நாங்கள் ஹீட்டர் போடுவதில்லை, ஆனால் டைரக்ட் டெபிட் அதே தொகை போகிறது. அப்படிச் சேரும் கிரெடிட்டை எடுத்து அன்றாடச் செலவைப் பார்த்தார்கள். கொம்பனி விழுந்ததும் அந்தக் கிரெடிட் பாதுகாப்பாகத் திரும்பி வருகிறது என்றேனே, அது எங்கிருந்து வருகிறது? எல்லோருடைய பில்லிலிருந்தும்தான். கொம்பனிகள் விழுந்ததற்கான செலவு ஏறத்தாழ 270 கோடி பவுண்ஸ், அதாவது ஒரு வீட்டுக்குச் சுமார் 94 பவுண்ஸ் என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் 2022இல் கணக்கிட்டது. பல்பின் செலவு அதில் சேராது. 2022 ஏப்ரலில் கரண்டின் ஸ்டாண்டிங் சார்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 25 பென்ஸிலிருந்து 45 பென்ஸுக்கு ஏறியது நினைவிருக்கிறதா? அதில் பெரிய பங்கு இதுதான்.

ஸ்டாண்டிங் சார்ஜ் என்பது ஒரு லைட்கூடப் போடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு. ஐந்து அறை வீட்டுக்காரரும், ஒற்றை அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹீட்டரை அணைத்து வைக்கும் பென்ஷன்காரப் பெரியம்மாவும் ஒரே தொகை கட்டுகிறார்கள். கொம்பனி நல்லாக ஓடியபோது லாபம் முதலாளிக்கு, விழுந்தபோது நட்டம் பெரியம்மாவுக்கு. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது ஒரு வாடிக்கையாளருக்கு 115 பவுண்ஸ் அளவுக்குக் கொம்பனிகள் கைமுதல் வைத்திருக்க வேண்டும் என்று ஓஃப்ஜெம் இலக்கு வைத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் கிரெடிட்டைத் தொடாமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று எல்லாக் கொம்பனிகளுக்கும் கட்டாயமாக்கும் யோசனையை முன்வைத்துவிட்டுக் கைவிட்டார்கள். அதைக் கட்டாயமாக்கியே தீர வேண்டும் என்பது என் கருத்து. 2025 ஏப்ரலில் ரெபல் எனர்ஜி விழுந்தது, ஏறத்தாழ 80,000 வீடுகள் பிரிட்டிஷ் காஸுக்கு மாற்றப்பட்டன. கதை முடிந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

எங்கள் கிரெடிட்டைத் தனியாக வைப்பது கட்டாயமாகும்வரை நாங்கள் செய்யக்கூடியது இது. மாதம் ஒரு முறை மீற்றர் எண்ணை எடுத்து அனுப்புங்கள். குளிர்காலம் முடியும் நேரத்திலும் நூற்றுக்கணக்கில் கிரெடிட் நின்றால் கேட்டு வாங்குங்கள், அல்லது டைரக்ட் டெபிட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் காசு, கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்குக் கீழே குனிந்து எண்ணை வாசிப்பார், நான் எழுதுவேன்.

உங்கள் அம்மா அப்பாவுக்கோ பக்கத்து வீட்டு அன்ரிக்கோ இப்படி ஒரு ஆங்கிலக் கடிதம் வந்து விளங்காமல் இருந்தால், பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துப் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். வாசித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்றால் போனிலும் கதைக்கலாம்.